மலையேறிய நெய்தல்: ஊவாத் தோட்டங்களும் களப்புக்கரை இலக்கியமும்

தமிழிலக்கிய மரபிலே நிலமும் வாழ்க்கையும் பிரித்தற்கரிய தொடர்புடையனவாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளன. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்து உயிர்களும் தொழிலும் கருப்பொருள் எனவும், அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள் எனவும் வகுத்த தொல்காப்பியரின் நெறி பழைய செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய புனைகதையை ஆராய்வோருக்கும் அது பயன்படுகின்றது. ஈழத்தில் இந்நெறி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புதிய உருவில் உயிர்பெற்றது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினரும் பேராசிரியர் க. கைலாசபதி முதலிய திறனாய்வாளரும் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கோட்பாடுகளை வற்புறுத்தினர். அதன் பயனாக யாழ்ப்பாணத்துத் தோட்டவெளியும், மட்டக்களப்பு வாவிக்கரையும், மன்னார்க் கடற்கரையும், மலையகத்துத் தேயிலை மலைகளும் தத்தம் மொழியோடும் மனிதரோடும் இலக்கியத்துள் நுழைந்தன. இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது.

எனினும், ஒரு காலத்தில் வழிகாட்டிய பகுப்பு பிறிதொரு காலத்தில் வேலியாக மாறிவிடக் கூடும். கடற்கரை எழுத்து நெய்தலாகவும் தோட்ட எழுத்து மலையக இலக்கியமாகவும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தே பேசப்படுகின்றன. இரண்டையும் ஒருங்கு நோக்கும் முயற்சி அரிதாகவே நிகழ்ந்துள்ளது. ஆனால் நிலவியல் இப்பகுப்பை ஒப்புக்கொள்வதில்லை. பேராதனையிலே தொடங்கும் நெடுஞ்சாலையொன்று நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, மட்டக்களப்பு வாவிக்கு அண்மையிலுள்ள செங்கலடியிற் சென்று முடிகின்றது. செங்கலடியார் அதனைப் ‘பதுளை வீதி’ என்றே அழைப்பர். மலையிலிருந்து பார்ப்போருக்குக் கடலுக்கு இறங்கும் வழி அது. களப்பிலிருந்து பார்ப்போருக்கு மலைக்கு ஏறும் வழியும் அதுவே. கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்தின் தோட்டங்களில் நெய்தல் எவ்வாறு இடம்பெற்றது, இலக்கியம் அதனை எவ்வாறு கண்டது என்னும் வினாக்கள் இந்தச் சாலையிலிருந்தே எழுகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுவோர் ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். தமிழிலக்கியத்திலே மீன் பெரும்பாலும் உவமையாகவே மலையேறியுள்ளது, உழைப்பாக ஏறவில்லை.

1

நெய்தல் என்றவுடன் அலைகடலும் கட்டுமரமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் சங்கச் செய்யுட்களை ஊன்றிப் படிப்போர் அங்கே ஆழ்கடலைவிடக் கழியே மிகுதியாகப் பேசப்படுவதைக் காண்பர். கழியாவது கடல்நீர் உட்புகுந்து தேங்கி நிற்கும் உப்பங்கழி. ஈழத்து வழக்கில் அது களப்பு எனவும், கிழக்கில் வாவி எனவும், யாழ்ப்பாணத்திற் பரவைக்கடல் எனவும் வழங்கும். திணைக்குப் பெயர் தந்த நெய்தல் மலர் பூப்பது கழியிலேயாம். தாழையும் ஞாழலும் புன்னையும் நிற்பது கழியை அடுத்த கானலிலே. தலைவன் தேர் வருவதும், இரவிலே அவன் வரவுக்கு முதலைகளால் இடர் நேரும் எனத் தோழி அஞ்சுவதும் கழியின் வழியேதான். எனவே நெய்தலைக் கடலின் இலக்கியம் என்பதிலும் களப்பின் இலக்கியம் என்பது பொருந்தும்.

கழியின் தொழிலையும் அச்செய்யுட்கள் அறிந்திருந்தன. நற்றிணையின் 45ஆம் பாடலிலே, தேரேறி வரும் செல்வனை நோக்கித் தோழி பேசுகின்றாள். தலைவி பரதவர் மகள். கொழுமீனை அறுத்து உலர்த்திப் பறவைகளை விரட்டுவது அவர்கள் வேலை. அவர்கள் உடலில் மீன்வாடை வீசும். ஆதலின் விலகி நிற்பதே நன்று என்பது அவள் கூற்று. தொழிலின் வாடையை இழிவாகக் கொள்ளாது தன்மானத்தின் அடையாளமாக எடுத்துக் காட்டும் இப்பாடல், மீன் உலர்த்தும் பெண்ணைத் தமிழ்க் கவிதையின் நடுவே நிறுத்துகின்றது.

அகநானூற்றின் 140ஆம் பாடல் இன்னொரு படி மேலே செல்கின்றது. அம்மூவனார் பாடிய அச்செய்யுளிலே, கழிப்பாத்திகளில் விளைந்த உப்பை வண்டியிலேற்றிக்கொண்டு உமணர் குன்றங்களைக் கடந்து செல்கின்றனர். உமணர் மகள் சேரியிலே நெல்லுக்கு உப்பை மாற்றக் கூவித் திரிகின்றாள். அவளைக் கண்ட தலைவன் உற்ற வருத்தம், சேற்றிலே புதைந்த உப்பு வண்டியை இழுத்து மூச்சிரைக்கும் எருதின் வருத்தத்தோடு ஒப்பிடப்படுகின்றது. நெய்தற் பொருள் மலைநாட்டுக்கு ஏறும் வழியும், அதனைச் சுமக்கும் உயிரின் வேதனையும் ஒரு காதற்பாட்டினுள்ளே இடம்பெற்றிருத்தல் மனங்கொளத்தக்கது.

ஆனால் அதே பாடலிலே மற்றொன்றும் நிகழ்கின்றது. புதிய குரல் கேட்டுக் குரைக்கும் நாய்க்கு அஞ்சிய அப்பெண்ணின் கண்கள், தம்முட் பொரும் கயல் மீன்களாகக் காட்சியளிக்கின்றன. உழைப்பின் நடுவே நின்றவள் ஒரு கணத்தில் அழகுப் பொருளாக மாறுகின்றாள். கழியிலே துள்ளிய மீன் அவள் முகத்தில் உவமையாகின்றது. தமிழ் மரபின் இரு போக்குகளும் இவ்வொரு பாடலிலே அருகருகே நிற்கின்றன. ஒன்று உப்பு வண்டியைப் பின்தொடரும் போக்கு. மற்றையது மீனைக் கண்ணாக்கும் போக்கு. பின்வந்த நூற்றாண்டுகள் இரண்டாவதையே பெரிதும் போற்றின. மட்டக்களப்பு ‘மீன்பாடும் தேனாடு’ எனப் புகழப்படுவதும் இப்போக்கின் தொடர்ச்சியே. வாவியில் மீன் பாடுகின்றதா என்று நிலவொளியிற் செவிசாய்த்தவர் பலர். அதே வாவியில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசியவனின் மூச்சிரைப்பைக் கேட்டவர் சிலரே.

2

நவீன புனைகதை இக்குறையை ஓரளவு நிறைவு செய்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்து, 1978இல் திரைப்படமாகவும் உருப்பெற்றது. வாடை பெயரும் பருவத்திலே நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்து மீன்பிடிப்போருக்கும், அத்தீவிலேயே வாழ்வோருக்கும் இடையே எழும் உறவும் பகையும் அந்நாவலின் பொருள். ஆசிரியர் புவியியல் பயின்றவர். ஆதலால் காற்றும் கடலும் இங்கு வெறும் பின்னணியாக அமையவில்லை. காற்றே மனிதரை இடம்பெயர்க்கின்றது. காற்றே கதையைத் தொடக்கி முடிக்கின்றது. மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ என்னும் பா நாடகம், கடலிலிருந்து மீளாதவன் இறந்தானெனக் கருதப்பட்டபின் அவன் குடும்பம் அமைத்துக்கொண்ட புதிய உறவையும், அவன் மீண்டு வருவதால் நேரும் சிக்கலையும் மனிதநேயத்தோடு சித்திரிக்கின்றது. தமிழகத்திலே வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் இடையே மூண்ட மோதலைக் குடும்பக் கதையோடு பின்னிக் காட்டியது.

இவ்வாக்கங்களின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எனினும் இவற்றுக்குப் பொதுவானதோர் எல்லையுண்டு. கதை கரையோடு நின்றுவிடுகின்றது. பிடித்த மீன் கரைக்கு வருகின்றது, விலை பேசப்படுகின்றது, அதன்பின் அது கதையிலிருந்து மறைந்துபோகின்றது. அதனைக் கீறி உப்பிட்ட பெண் யார், மூட்டையாகக் கட்டி ஏற்றியவன் யார், அது யாருடைய அடுப்பைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் கேட்கப்படுவதில்லை. கடலோடு மனிதன் நடத்தும் போராட்டமும், காதலும், மானமும் கதையின் உச்சங்களாக அமைகின்றன; சந்தை என்னும் மூன்றாவது சக்தி நிழலாகவே நிற்கின்றது.

இது தவிர்க்க முடியாத எல்லையன்று என்பதற்குத் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ (1956) சான்றாகும். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பின் வாயிலாகத் தமிழ் வாசகர் அதனை அறிவர். அந்நாவலைக் காதற் காவியமாகவே பலர் நினைவிற் கொண்டுள்ளனர். ஆனால் காதலனாகிய பரீக்குட்டி மீன் வாங்கி உலர்த்தி விற்கும் சிறு வியாபாரி. கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சு வள்ளமும் வலையும் கொள்வது அவனிடம் பெற்ற உதவியைக் கொண்டே. அக்கடன் தீர்க்கப்படாமையே கதையின் துயரத்துக்கு அடித்தளமாக அமைகின்றது. கருவாட்டு வணிகம் ஒரு பெருங்கதையைத் தாங்கவல்லது என்பதைத் தகழி காட்டிவிட்டார்.

களப்புத் தொழிலில் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். ஆழ்கடற் தொழிலுக்குரிய வீரச்சாயல் அதற்கில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியிலும், யாழ்ப்பாணப் பரவைக்கடலிலும், கொக்கிளாயிலும், புத்தளத்திலும் தொழில் நிகழ்வது பெரும்பாலும் ஆழமற்ற நீரிலே. வீச்சுவலையும், இறாலுக்கான அத்தாங்கும், கம்புகளை நட்டு மறித்துக் கட்டும் களங்கண்ணியும் அதன் கருவிகள். மணலை, திரளி, ஓரா, இறால், நண்டு என்பன அதன் விளைவு. இறாற்குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரத்தின் வழியே உட்புகுந்து, கண்டற் காட்டின் வேர்களுக்கிடையே வளர்ந்து, முற்றியபின் மீண்டும் கடலை நாடுகின்றன. அவை திரும்பும் வழியிலே காத்திருப்பதே களப்பு மீனவனின் திறன். புயலை எதிர்த்து நிற்கும் நாயகனை எதிர்பார்க்கும் வாசகனுக்கு, இரவு முழுதும் சேற்றில் நின்று கைவிளக்கொளியில் இறால் தேடுபவன் நாயகனாகத் தோன்றாமற் போகலாம். ஆயினும் தேயிலைச் செடியின் முன் நாள் முழுதும் நின்று கொழுந்தெடுப்பவளுக்கு அவனே மிக நெருங்கிய உறவினன்.

3

ஊவாவின் எழுத்தை நோக்குமிடத்துத் தெளிவத்தை ஜோசப்பின் பெயரே முதலில் முன்வரும். பதுளைப் பகுதியிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இற் பிறந்து, 2022இல் மறைந்த அவர், தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக் கொண்டவர். ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவலும் ‘நாமிருக்கும் நாடே’ (1979) சிறுகதைத் தொகுதியும் தோட்டத்து மக்களின் வாழ்வை உள்ளிருந்து பேசியவை. லயமும் காம்பராவும் இஸ்தோப்பும் பிரட்டுக்களமும் அவர் எழுத்திலே அலங்காரமாக வருவனவல்ல. மனிதரின் நடத்தையைத் தீர்மானிக்கும் சக்திகளாகவே வருகின்றன.

அவருடைய புகழ்பெற்ற சிறுகதைகளுள் ஒன்று ‘மீன்கள்’. ஒரே காம்பராவினுள் நெருங்கிப் படுக்க வேண்டிய தொழிலாளர் குடும்பத்திலே, இருளும் இடமின்மையும் உறவின் நாணத்தையே குலைத்துவிடும் கொடுமையை அக்கதை பேசுகின்றது. அறம் போதிக்காமல், மனிதரைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல், சுவர்களையே குற்றவாளியாக்கும் கலைத்திறன் அதில் வெளிப்படுகின்றது. மலையகச் சிறுகதையின் உயர்ந்த சாதனைகளுள் ஒன்றாக அது கருதப்படுவது முற்றிலும் பொருத்தமே.

ஆனால் தலைப்பை நோக்குக. மீன்பிடித் தொழிலோடு அக்கதைக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. மீன் இங்கு உருவகம். அகநானூற்றிலே கண்ணாகிய மீன், மட்டக்களப்பிலே பாடலாகிய மீன், ஊவாவிலே நெருக்கடியில் வாழும் மனிதராகியுள்ளது. இது குறையெனச் சொல்வதற்கில்லை. கதைக்கு வேண்டிய உருவகத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. எனினும் அவ்வுருவகம் வாசகனை ஒரு வினாவின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துகின்றது. அதே காம்பராவின் மூலையிலுள்ள அடுப்பில் உண்மையான மீனும் இருந்தது. அது கருவாடு.

தோட்டத்து உணவிலே கருவாடு பெற்ற இடம் தற்செயலானதன்று. பொழுது புலருமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டிய பெண்ணுக்கு நாள்தோறும் சந்தைக்குச் செல்ல நேரமில்லை. மலைத்தோட்டத்துக்குப் பச்சைமீன் வந்துசேர்வதும் அரிது. கருவாடோ பல நாட்கள் கெடாது. சிறு துண்டே ஒரு குடும்பத்தின் சோற்றுக்கோ ரொட்டிக்கோ சுவையூட்டும். கடையிலே பற்றெழுதி வாங்கவும் கூடியது. தோட்டத்துக்கு வந்த கருவாடு முழுவதும் களப்பிலே பிடிபட்டதன்று. ஆழ்கடல் மீனும், மாலைதீவு மாசியும், இறக்குமதியான கருவாடும் அதிற் கலந்திருந்தன. ஆயினும் எந்தக் கரையிலிருந்து வந்ததாயினும், அதன் பின்னால் உப்பிட்டு உலர்த்திய ஒரு கையும், கடன்பட்ட ஒரு குடும்பமும் இருந்தன என்பது உறுதி.

மலையகப் புனைகதையிலே கருவாடு வரும்போது பெரும்பாலும் அது வறுமையின் குறியீடாகவே வருகின்றது. கடைப் பற்றின் ஓர் இனமாகவோ, சம்பள நாளின் சிறு மகிழ்ச்சியாகவோ, லயத்து வாடைகளுள் ஒன்றாகவோ அது சுட்டப்படுகின்றது. உண்பவரின் வறுமையை அது காட்டுகின்றது. உலர்த்தியவரின் வறுமையைக் காட்டுவதில்லை. இவ்வாறாக, களப்புக்கரை எழுத்தில் மீன் கரையோடு மறைகின்றது. மலையக எழுத்தில் அது கடையில் முளைக்கின்றது. இடைப்பட்ட நெடுஞ்சாலை இலக்கியமற்ற வெளியாகக் கிடக்கின்றது.

4

அவ்வெளியை நிரப்புவது கற்பனைக்கு மட்டும் விடப்பட்ட வேலையன்று. இயற்கையே அதற்கான இணைப்புக்களைத் தந்துள்ளது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிலே தோன்றும் கல்லோயா கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேர்கின்றது. கும்புக்கன் ஓயா ஊவாவைக் கடந்து சென்று குமணவின் களப்பையும் கண்டற் சதுப்பையும் வளர்க்கின்றது. பதுளை ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவை அடைகின்றன. களப்பின் உவர்ப்பும் இனிப்பும் மலையிலிருந்து இறங்கும் நீரின் அளவைப் பொறுத்தவை. மாரியில் வெள்ளம் பெருகி மணற்றிட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கும்போதுதான் களப்புக்கும் கடலுக்கும் இடையிலே உயிர்கள் போய்வரும் வழி விரிவடைகின்றது. மலையிற் பெய்த மழை மீனவனின் நாட்காட்டியை எழுதுகின்றது எனலாம்.

காற்றின் தொடர்பு இதனினும் வியப்புக்குரியது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலே மழையைப் பொழிந்துவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டி வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. அதுவே கீழே சென்று கிழக்குக் கரையிலும் வெப்பக் காற்றாக வீசும். கச்சான் என்பது அதன் பெயர். யூலை முதல் செப்ரெம்பர் வரையான அவ்வறட்சியிலே கொழுந்து மெதுவாக வளர்வதனாலேதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர்பெற்ற மணம் உண்டாகின்றது. அதே மாதங்களின் வெயிலிலேதான் கிழக்குக் கரையின் மணலிலே மீன் உலர்கின்றது. தேயிலையின் மணமும் கருவாட்டின் வாடையும் ஒரே காற்றின் பிள்ளைகள். முன்னையது ஏலத்திலே விலையேறுகின்றது. பின்னையது லயத்திலே நாணத்துக்குரியதாகக் கொள்ளப்படுகின்றது. மணம் மிகுந்த அந்நாட்களிலே கொழுந்து குறைவதால் தொழிலாளியின் வருவாயும் குறைகின்றது என்பது இம்முரணின் மறுபக்கம்.

வாடைப் பருவமும் அவ்வாறே. ‘வாடைக்காற்று’ நாவலிலே மீனவரை நெடுந்தீவுக்குக் கொண்டுவரும் பருவம், ஊவா மலைகளில் மழையைக் கொட்டும் பருவமுமாகும். அம்மழை எப்போதும் கருணையுடையதன்று. வாடைக்கு முன்னோடியான மழையிலே, 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. கடலிலே புயலுக்கு அஞ்சும் மீனவனும், மலையிலே மண்ணுக்கு அஞ்சும் தொழிலாளியும் ஒரே வானத்தைப் பார்த்தே அஞ்சுகின்றனர். ஒருவரின் அச்சத்தை மற்றவர் படித்தறிய ஒரு கதை வேண்டாமா?

உற்பத்தி உறவுகளிலும் ஒற்றுமை தெளிவாகவே உள்ளது. முற்பணம் தந்த முதலாளிக்கே மீனைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் மீனவனைப் பிணைக்கின்றது. கங்காணி காலத்து முற்பணமும், பின்வந்த கடைப் பற்றும் தோட்டத் தொழிலாளியைப் பிணைத்தன. கரையிலும் தராசு உண்டு. கொழுந்து மடுவத்திலும் தராசு உண்டு. கூடையின் எடைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் கொழுந்திற் கழிப்பது மலையகத்தின் நெடுநாள் மனக்குறை. இரு தராசுகளின் முள்ளையும் பார்ப்பவர் வேறு, சுமப்பவர் வேறு. பேராசிரியர் கா. சிவத்தம்பி, திணைப் பாகுபாட்டைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு பொருத்தி விளக்கினார். அவ்விளக்கத்தைப் பண்டைக் காலத்தோடு நிறுத்தாமல் இன்றுவரை நீட்டுவோமாயின், நெய்தலும் மலையும் இரு நிலங்களாக மட்டுமன்றி, ஒரே சந்தையின் இரு ஓரங்களாகவும் தென்படும்.

5

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஒவ்வோர் எழுத்தாளனும் தான் அறிந்த நிலத்தையே எழுதுவான்; மலையிற் பிறந்தவனிடம் களப்பை எழுதக் கோருவது முறையாகுமா என்பர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. அறியாததை எழுதுவதிலும் அறிந்ததை ஆழமாக எழுதுவதே கலை. ஆயினும் மலையகத் தமிழர் நெய்தலை அறியாதவர் என்னும் கருத்தே வரலாற்றுக்கு முரணானது.

அவர்களின் முன்னோர் கடல் கடந்தே இலங்கையை அடைந்தனர். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தவர்கள் உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் வந்தவர்களும் உண்டு. மலையைக் காணுமுன் அவர்கள் கண்ட ஈழம் உவர்நிலமும் உடைமரமும் கருவாட்டுப் பந்தலும் கொண்ட கரையாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, திரும்பிச் சென்றவர்களுள் எண்ணற்றோர் இறுதியாகக் கண்ட இலங்கையும் தலைமன்னார்க் கரையே. 1958, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையக மக்களையும் தாக்கின. குறிப்பாக 1977க்குப் பின்னர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். 2009 மே மாதத்தில் நந்திக்கடற் களப்பின் ஓரத்திலே சிக்குண்ட மக்களிடையே மலையக வேர்களைக் கொண்ட குடும்பங்களும் இருந்தன. தேயிலை மலையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒரு களப்பின் ஆழமற்ற நீரைக் கடந்து உயிர் தப்ப வேண்டியிருந்தது. இதனினும் கொடிய திணை மயக்கத்தை எந்த இலக்கணியும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டான்.

ஆகவே ஊவாவின் எழுத்தாளனிடம் அந்நியமான ஒன்றைக் கேட்பதாக இதனைக் கொள்ளலாகாது. அவனுடைய பாட்டனின் கால் பதிந்த முதல் மணலையும், அவனுடைய உறவினர் கடந்த இறுதி நீரையும், அவனுடைய அடுப்பிலே நாள்தோறும் வெந்ததையும் நினைவுகூருமாறு கேட்பதே இது. அதே கோரிக்கை களப்புக்கரை எழுத்தாளனுக்கும் பொருந்தும். தன் தாய் கீறி உலர்த்திய மீன் எந்த மலையிலே எந்தப் பெண்ணின் பசியைத் தணித்தது என்று அவன் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திறனாய்வாளருக்கும் இதிலே கடமையுண்டு. மண்வாசனை என்பதைப் பிரதேச முத்திரையாகச் சுருக்கி, நூல்களை வட்டாரவாரியாக அடுக்கி வைப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே செல்லும் பண்டத்தையும், கடனையும், காற்றையும், நீரையும் பின்தொடர்வதே அடுத்த படி. தொல்காப்பியர் திணைகளை வகுத்தபோதே, அவை ஒன்றோடொன்று மயங்குவதற்குத் தடையில்லை என்றும் இடந்தந்தார். வகுத்ததை மட்டும் நினைவிற் கொண்டு, மயங்க விட்டதை மறந்தது பிற்காலத்தார் பிழையாகும்.

இரங்கல் நெய்தலின் உரிப்பொருள். வராதவனை நினைந்து கரையிலே காத்திருப்போரின் துயர் அது. தோட்டத்து லயத்திலும் அத்துயர் உண்டு. கப்பலேறிப் போனவரையும், வன்னிக்குச் சென்று மீளாதவரையும் எண்ணி இரங்கும் வீடுகள் அங்கே உள்ளன. கடல் தெரியாத மலையிலும் நெய்தலின் ஒழுக்கம் நிகழ்கின்றது. அதனை எழுதவல்லார் பதுளை வீதியின் இரு முனைகளிலும் இருக்கின்றனர். அம்மூவனாரின் உப்பு வண்டி குன்றத்தின் அடிவாரத்தை எப்போதோ கடந்துவிட்டது. அதனைப் பின்தொடர்ந்து சென்று, இறக்கிய இடத்தையும் ஏற்றுக்கொண்ட கையையும் காட்டும் கதை இன்னும் வேண்டப்படுகின்றது.